மேட்டு நிலம் யாருக்கு? பேரிடரும் சேரியின் முன்தயாரிப்பும்

(டிசம்பர் 6, அண்ணல் அம்பேத்கர் நினைவுநாள் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



டிசம்பர் நமக்கு நினைவுகளின் மாதம். 1956இல் அண்ணல் மறைந்தது இம்மாதம் 6ஆம் நாள். 1968இல் கீழவெண்மணியில் 44 உயிர்களைக் குடிசைக்குள் வைத்து எரித்தது 25ஆம் நாள். அந்தக் கொடுமையின் 36ஆம் நினைவுநாளுக்கு மறுநாள், 2004 டிசம்பர் 26 காலையில், அதே நாகப்பட்டினம் மாவட்டத்தின் கரைமீது கடல் ஏறியது. தமிழ்நாட்டில் அன்று இறந்தவர்கள் ஏறத்தாழ 8,000 பேர். அவர்களில் 6,000க்கும் மேற்பட்டோர் அந்த ஒரு மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள்.

வெண்மணியை நாம் சாதிக் கொடுமை என்கிறோம். சுனாமியை இயற்கைப் பேரிடர் என்கிறோம். இந்தப் பிரிப்பு பாதி சரி, பாதி தவறு என்பதுதான் இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள். அலைக்குச் சாதி தெரியாது, உண்மைதான். ஆனால் அலை வருவதற்கு முன்னால் யார் எங்கே குடியிருந்தார்கள், அலை போன பிறகு யார் எந்தப் பட்டியலில் இருந்தார்கள் என்ற இரண்டையும் சாதி முன்கூட்டியே முடிவு செய்திருந்தது.

நமது மன்றம் இலக்கிய மன்றம். புயலும் வெள்ளமும் நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் நம் வீட்டுப் பிள்ளைகளின் பாடப் புத்தகமும், சாதிச் சான்றிதழும், தாத்தாவின் ஒரே புகைப்படமும் நனைந்து போகின்றன. நம் இலக்கியத்தின் மூலப்பொருள் ஆண்டுதோறும் தண்ணீரில் போகிறது என்பதே போதுமான காரணம்.

இடர் வேறு, பேரிடர் வேறு

சொற்களிலிருந்து தொடங்குவோம். புயல், பெருமழை, நிலநடுக்கம், நிலச்சரிவு ஆகியவை இடர்கள். ஆளில்லாத தீவில் வீசும் புயல் யாருக்கும் பேரிடர் அல்ல. ஓர் இடர், தாங்க முடியாத நிலையில் வைக்கப்பட்டிருக்கும் மக்களைச் சந்திக்கும்போதுதான் அது பேரிடராகிறது. இடரை நாம் தடுக்க முடியாது. மக்கள் வைக்கப்பட்டிருக்கும் நிலையை மாற்ற முடியும். அப்படி மாற்றும் வேலைக்குத்தான் முன்தயாரிப்பு என்று பெயர்.

முன்தயாரிப்பு என்றதும் அரசு அலுவலகங்களில் படகு, மணல் மூட்டை, ஜெனரேட்டர், மரம் அறுக்கும் இயந்திரம் என்று எண்ணிக்கை சொல்வார்கள். அவை தேவைதான். ஆனால் ஒரு குடியிருப்பு தயாராக இருக்கிறதா என்று பார்க்க ஐந்து கேள்விகள் கேட்க வேண்டும். ஆபத்து எந்தப் பக்கமிருந்து வரும் என்று அங்கே தெரியுமா? எச்சரிக்கை அவர்களுக்குப் புரியும்படி வந்து சேருமா? ஓடுவதற்கு இடமும் அந்த இடத்துக்கு வழியும் உண்டா? வேலையில்லாத பதினைந்து நாள்களைத் தாங்க வீட்டில் ஏதாவது இருக்கிறதா? போனதைக் கணக்கெடுக்கும்போது அவர்கள் கணக்கில் வருவார்களா? இவை ஒரு சங்கிலியின் ஐந்து கண்ணிகள். எது அறுந்தாலும் மற்ற நான்கும் பயனற்றுப் போகும்.

முதல் கண்ணி: குடியிருக்கும் இடம்

ஆபத்து எங்கிருந்து வரும் என்று நம் மக்களுக்குத் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஏரி எந்த இடத்தில் உடையும், கலிங்கு வழிந்தால் தண்ணீர் எந்தத் தெரு வழியாக வரும், எத்தனை மணி நேரத்தில் அடுப்பங்கரையைத் தொடும் என்பதையெல்லாம் சேரியில் வளர்ந்த பத்து வயதுப் பிள்ளை சொல்லும். ஏரிக்கரையைக் காவல் காத்தவர்களும், மதகைத் திறந்து மூடியவர்களும், நீர் பாய்ச்சியவர்களும், உடைப்பை அடைத்தவர்களும் நம் முன்னோர்தான். நீர்க்கட்டி, கம்புகட்டி என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும், வேலை ஒன்றுதான்.

தெரிந்திருந்தும் ஏன் பள்ளத்தில் குடியிருக்கிறோம்? அந்த இடம் நாம் தேர்ந்தெடுத்தது இல்லை. ஊர் மேட்டில் அமைந்தது. சேரிக்கு வயலோரம், வாய்க்கால் கரை, ஏரியின் போக்குக் கால்வாய் ஓரம் என்று மிஞ்சிய இடம் கிடைத்தது. பிறகு அரசு வீட்டுமனை வழங்க வந்தபோதும், மலிவாகக் கிடைக்கும் தாழ்வான நிலமே பல இடங்களில் கையகப்படுத்தப்பட்டது. அந்த மனைகளில் கட்டப்பட்ட தொகுப்பு வீடுகளின் கூரை இன்று பெயர்ந்து விழுகிறது. ஒவ்வொரு முறை தார்ச்சாலை போடும்போதும் பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே போடுவதால் சாலை உயர்ந்துகொண்டே போகிறது, காலனி தாழ்ந்துகொண்டே போகிறது. சாலைக்கு அடியில் ஒரு சிறுபாலம் வைத்திருந்தால் வடிந்துவிடும் தண்ணீர், அது இல்லாததால் வாரக்கணக்கில் நிற்கிறது.

2015 நவம்பர் 9, 10 தேதிகளில் கடலூர் மாவட்டம் இதைத்தான் கண்டது. நெய்வேலிப் பகுதியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. ஓடைகள் கரை உடைத்துப் பாய்ந்தன. பண்ருட்டி வட்டாரத்தில் வெள்ளம் வீடுகளோடு மனிதர்களையும் அடித்துச் சென்ற இடங்களில் தலித் குடியிருப்புகள் முன்வரிசையில் இருந்தன. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் அடித்துப் போட்டதிலிருந்து அந்த மாவட்டத்தின் கூலிக் குடும்பங்கள் முழுதாக எழுந்திராத நேரம் அது. ஓர் இடரிலிருந்து எழுவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது.

நகரத்தில் கதை வேறு மாதிரி. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளில் இருந்த குடிசைப் பகுதி மக்கள் வெள்ள ஆபத்தைக் காரணம் காட்டி அகற்றப்பட்டார்கள். அவர்களைக் கொண்டுபோய் வைத்த பெரும்பாக்கம் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதி. அதற்கு முன்பே மறுகுடியமர்வு நடந்த செம்மஞ்சேரியில் மழைக்காலம்தோறும் தண்ணீர் நிற்பதைச் செய்திகளில் பார்க்கிறோம். ஆற்றங்கரையில் இருந்தபோது வெள்ளம் இருந்தது, கூடவே நடந்து போகும் தூரத்தில் வேலையும் பள்ளியும் இருந்தன. இப்போது வெள்ளம் மட்டும் மிச்சம்.

இரண்டாம் கண்ணி: எச்சரிக்கை

துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றப்பட்டது என்று செய்தி வாசிப்பார்கள். அந்தக் கூண்டு கப்பல்களுக்காக ஏற்றப்படுவது. 1 முதல் 11 வரையான அந்த எண்கள் மாலுமிக்குப் பொருள் தரும். நாற்று நட்டுவிட்டு வீடு திரும்பும் பெண்ணுக்கு அதிலிருந்து என்ன தெரியும்? வானிலை ஆய்வு மையம் இப்போது மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் சொல்கிறது. முன்னேற்றம்தான். ஆனாலும் சிவப்பு என்றால் இந்தத் தெரு இன்று இரவு பத்து மணிக்குள் காலியாக வேண்டும் என்று மொழிபெயர்த்துச் சொல்ல ஓர் ஆள் தேவை.

2004இல் புதுச்சேரியின் நல்லவாடு மீனவ கிராமத்தில் அப்படி ஓர் ஆள் இருந்தார். சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் செய்தி அறிந்து ஊருக்குத் தொலைபேசியில் சொன்னார். அங்கே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த தகவல் மையமும் அதில் ஒலிபெருக்கியும் இருந்தன. வழக்கமாக மீன் விலையும் அலை உயரமும் சொல்லப் பயன்பட்ட அந்த ஒலிபெருக்கியில் ஓடுங்கள் என்று அறிவித்தார்கள். ஊர் தப்பியது. அன்றாடம் பயன்படும் கருவிதான் ஆபத்து நாளிலும் பயன்படும் என்பது இதில் ஒரு பாடம். நம் காலனிகளை நினைத்தால் இன்னொன்றும் தெரியும். ஊராட்சியின் ஒலிபெருக்கி எந்தத் தெருவில் கட்டியிருக்கிறது, அதன் சத்தம் காலனிவரை கேட்கிறதா என்று எத்தனை பேர் சோதித்துப் பார்த்திருக்கிறோம்?

கருவியே இல்லாமல் தப்பிய இடமும் உண்டு. இந்தோனேசியாவின் சிமெலுவே தீவு 2004 நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகில் இருந்தது. 70,000க்கும் மேற்பட்டோர் வாழ்ந்த அந்தத் தீவில் சுனாமியால் இறந்தவர்கள் ஏழு பேர் என்று பதிவாகியுள்ளது. 1907இல் அங்கே ஒரு பேரலை வந்து ஏராளமானோரைக் கொண்டுபோனது. தப்பியவர்கள் அதற்கு ஸ்மோங் என்று பெயரிட்டார்கள். பூமி பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால், எதையும் எடுக்காமல் மலைக்கு ஓடு என்பதைக் கதையாகவும் தாலாட்டாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தார்கள். 97 ஆண்டுகள் கழித்து யாரோ ஒருவர் ஸ்மோங் என்று கத்தியதே போதுமானதாக இருந்தது. இலக்கியத்தால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

மூன்றாம் கண்ணி: தங்கும் இடம்

சொன்னாலும் வீட்டைவிட்டு வரமாட்டேன் என்கிறார்கள் என்பது அதிகாரிகள் அடிக்கடி சொல்லும் புகார். ஏன் வருவதில்லை என்று கேட்டுப் பார்த்தால் பதில்கள் தெளிவாக இருக்கின்றன. நாங்கள் நிவாரணப் பொருள்களோடு போன காலனிகளில் கேட்டவை இவை: ஆட்டையும் மாட்டையும் எங்கே கட்டுவது? வயதுக்கு வந்த பெண்ணை ஒரே கூடத்தில் எப்படிப் படுக்க வைப்பது? கழிப்பறைக்கு எங்கே போவது? பள்ளிக்கூடச் சாவி யாரிடம் இருக்கிறது, அவர் இரவில் திறப்பாரா? கடைசியாகத் தயங்கித் தயங்கி ஒரு கேள்வி: உள்ளே போனால் ஊர்க்காரர்கள் என்ன சொல்வார்கள்?

அந்தக் கடைசிக் கேள்வி கற்பனைப் பயம் இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் முகாம்கள் சிலவற்றில் தலித்துகள் தனியாக ஒதுக்கப்பட்டதும், பொதுத் தண்ணீர்த் தொட்டியில் எடுக்கத் தடுக்கப்பட்டதும் மனித உரிமை அமைப்புகளாலும் பத்திரிகைகளாலும் பதிவு செய்யப்பட்டன. 2019 மே மாதம் ஃபானி புயலின்போது ஒடிசாவின் புரி மாவட்டத்தில் தலித் குடும்பங்களுக்குத் தஞ்ச இடம் மறுக்கப்பட்டதாகச் செய்திகள் வந்தன.

ஒடிசாவைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1999 அக்டோபர் 29இல் அங்கே வீசிய பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். அதன் பிறகு அம்மாநிலம் தனியாகப் பேரிடர் மேலாண்மை அமைப்பை உருவாக்கியது. கடலோரம் முழுக்கப் புயல் பாதுகாப்பு மையங்கள் கட்டியது. கிராமந்தோறும் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. 2013இல் ஃபைலின் புயலுக்கு முன் ஏறத்தாழ 10 லட்சம் பேரும், ஃபானிக்கு முன் ஏறத்தாழ 12 லட்சம் பேரும் இடம் மாற்றப்பட்டார்கள். இறப்பு பத்தாயிரத்திலிருந்து நூற்றுக்கும் கீழே இறங்கியது. இது மிகப்பெரிய சாதனை, மனமாரப் பாராட்ட வேண்டும். அதே ஒடிசாவிலேயே கதவடைப்புச் செய்தியும் வந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கட்டடம் கட்டினால் மட்டும் போதாது, கதவு யார் கையில் என்பதையும் தீர்க்க வேண்டும்.

வங்கதேசமும் ஒரு பாடம். 1970 நவம்பர் புயலில் அங்கே குறைந்தது மூன்று லட்சம் பேர் இறந்தார்கள். 1972இல் அரசும் செஞ்சிலுவைச் சங்கமும் சேர்ந்து கிராமத் தொண்டர்கள் மூலம் புயல் முன்தயாரிப்புத் திட்டத்தைத் தொடங்கின. 1991 புயலில் மறுபடியும் ஏறத்தாழ 1,40,000 பேர் இறந்தார்கள். ஆண்களைவிடப் பெண்கள் அதிகம். எச்சரிக்கை வந்தும், ஆண் துணையின்றி வெளியேறத் தயங்கியதும், தஞ்ச இடத்தில் தனி இட வசதி இல்லாததும் காரணங்கள் என்று ஆய்வுகள் கூறின. பின்னர் பெண்களைத் தொண்டர்களாகப் பெருமளவில் சேர்த்தார்கள். இன்று அங்கே 70,000க்கும் மேற்பட்ட தொண்டர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் பெண்கள். 2007 சிடர் புயலில் இறப்பு சில ஆயிரங்களாகக் குறைந்தது. யார் விடுபட்டார்கள் என்று பார்த்து அவர்களையே பொறுப்பில் அமர்த்தியது அந்த மாற்றத்தில் ஒரு பங்கு. நம் சேரிகளுக்கும் இது பொருந்தும்.

நான்காம், ஐந்தாம் கண்ணிகள்: தாங்குவதும் கணக்கில் வருவதும்

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. புயலுக்கு முந்தைய வெளியேற்றம் நன்றாக நடந்தது என்று எல்லாக் கட்சிகளும் பாராட்டின. சில நாள்களில் அதே மாவட்டங்களில் சாலை மறியல்கள் வெடித்தன. உயிரைக் காக்கும் முன்தயாரிப்பு இருந்தது, வாழ்வைக் காக்கும் முன்தயாரிப்பு இல்லை என்பதே அதன் பொருள்.

விழுந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாயும், அதை வெட்டி அகற்ற 500 ரூபாயும் என்று மரத்துக்கு 1,100 ரூபாய் இழப்பீடு அறிவிக்கப்பட்டது. மரத்துக்கு உரியவருக்கே அது போதவில்லை என்பது வேறு விஷயம். அந்தத் தோப்பில் காய் பறித்தவர், மட்டை உரித்தவர், கீற்று முடைந்த பெண் ஆகியோருக்கு மரக் கணக்கில் என்ன கிடைக்கும்? புதுத் தென்னை காய்க்க ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அத்தனை ஆண்டுக் கூலியும் போயிற்று. அவர்களுக்கு மரமில்லை, நிலமில்லை, ஆகவே இழப்புமில்லை என்பதே அந்தக் கணக்கின் விதி.

சுனாமியிலும் இதுவே நடந்தது. படகும் வலையும் கணக்கிடப்பட்டன, கணக்கிடத்தான் வேண்டும். கரையில் மீன் சுமந்தவர்கள், உப்பளத் தொழிலாளர்கள், உவர் ஏறிய வயலில் வேலை இழந்தவர்கள் முதல் பட்டியல்களில் விடுபட்டார்கள். மனு மேல் மனு கொடுத்து, போராடித்தான் பின்னர் சிலர் சேர முடிந்தது. நிவாரணம் சொத்தை எண்ணுகிறது. சொத்தில்லாதவர்களின் இழப்பு அதன் கண்ணில் படுவதில்லை. குடிசைக்கான நிவாரணத்தில்கூடப் பட்டா இருக்கிறதா, முழுச் சேதமா, பகுதிச் சேதமா என்ற கேள்விகள் வருகின்றன. புறம்போக்கில் இருபது ஆண்டு வாழ்ந்தவர் தன் வீடு வீடுதான் என்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் நம்மை யாரும் மறப்பதில்லை. சுனாமிக்குப் பிறகு அழுகிய உடல்களை அகற்றவும், 2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னையின் குப்பையை அள்ளவும் பிற ஊர்களிலிருந்து தூய்மைப் பணியாளர்கள் லாரிகளிலும் பேருந்துகளிலும் கொண்டுவரப்பட்டார்கள். பலர் கையுறையும் காலணியும் போதாமல் வேலை செய்ததைப் படங்களில் பார்த்தோம். தங்கள் வீட்டிலும் தண்ணீர் புகுந்திருக்க, ஊரைச் சுத்தம் செய்யப் போனவர்களும் அவர்களில் உண்டு. பேரிடரில் முதலில் அழைக்கப்படுபவரும் கடைசியில் எண்ணப்படுபவரும் ஒரே ஆளாக இருக்கிறார்.

பஞ்சத்திலிருந்து லயம் வரை

இந்தச் சங்கிலியின் நீளம் எவ்வளவு என்று ஒரு வரலாற்றால் காட்டலாம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாக்கிய பெரும்பஞ்சத்தில் மழை பொய்த்தது எல்லோருக்கும்தான். தானியக் குதிர் இல்லாதவர்களும் நிலமில்லாதவர்களும்தான் முதலில் செத்தார்கள். மிஞ்சியவர்களில் பெருங்கூட்டம் கங்காணிகளின் பின்னே இலங்கைக்கும் கடல் கடந்த பிற தீவுகளுக்கும் போனது. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் தம் மாவட்டத்து ஒடுக்கப்பட்ட மக்களின் நிலை பற்றி அறிக்கை எழுதினார். 1892இல் அதையொட்டிப் பஞ்சமி நில ஒதுக்கீட்டுக்கு ஆணை பிறந்தது. நிலமின்மையே துயரின் வேர் என்பதை ஒரு வெள்ளை அதிகாரியின் கோப்பே ஒப்புக்கொண்டது. அந்த நிலங்களில் பெரும்பகுதி இன்று யார் கையில் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

தோட்டங்களுக்குப் போனவர்களின் வாரிசுகளைப் பேரிடர் அங்கும் தேடி வந்தது. இலங்கையின் பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தை. 2014 அக்டோபர் 29 காலை மலை சரிந்து மலையகத் தமிழரின் லயன்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் அரசு ஆய்வு நிறுவனம் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, போய்க் குடியேற நிலம் இல்லை. லயன் தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தம், மலையும் அவர்களுக்குச் சொந்தம். போ என்று சொன்னவர்கள் எங்கே என்று சொல்லவில்லை.

கேரளத்தின் மூணாறு மலையில் பெட்டிமுடி. 2020 ஆகஸ்ட் 6 இரவு தமிழ்த் தொழிலாளர்களின் லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 பேர் மாண்டார்கள். அவர்களில் பலர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பகுதியைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள். மின்சாரமும் தொலைபேசியும் துண்டித்துக் கிடந்ததால் மறுநாள் காலையில்தான் வெளியுலகுக்குச் செய்தி எட்டியது. தலைமுறைகளாக மலையில் உழைத்தும் தனக்கென்று ஒரு துண்டு மேட்டு நிலம் இல்லாதவர்களின் கதையே இரண்டும். இவற்றை இயற்கையின் சீற்றம் என்று மட்டும் எழுதிவிட்டுப் போக நம்மால் முடியாது.

அண்ணலும் வெள்ளமும்

அம்பேத்கர் இந்தப் பொருளுக்கு வெளியே நிற்பவர் அல்ல. 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது பாசனமும் மின்சாரமும் அவர் பொறுப்பில் இருந்தன. 1943இல் தாமோதர் ஆறு கரை உடைத்து வங்காளத்தை மூழ்கடித்தது. கரையை உயர்த்துவதோடு நிறுத்திக்கொள்ளாமல், ஆற்றுப் படுகை முழுவதையும் ஒன்றாகத் திட்டமிட்டு வெள்ளத் தடுப்பு, பாசனம், மின்சாரம் மூன்றையும் சேர்க்கும் பாதையை அவர் துறை முன்னெடுத்தது. 1948இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் சட்டமாக உருப்பெற்றது. 1945 நவம்பரில் கட்டாக்கில் ஒடிசாவின் ஆறுகள் பற்றிய மாநாட்டில் பேசியபோது, மிகுதியான நீரைத் தீமையாகக் கருதிக் கடலுக்குத் தள்ளுவது தவறு, அது சேமிக்க வேண்டிய செல்வம் என்ற கருத்தை அவர் வலியுறுத்தினார்.

பெரிய அணைகள் யாரை இடம்பெயர்த்தன என்ற கேள்வி பின்னாளில் எழுந்தது, அதையும் நாம் மறைக்கத் தேவையில்லை. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவரது அணுகுமுறையை. 1927இல் மகாட் குளத்தில் தண்ணீரை உரிமையாகக் கேட்டவர், 1945இல் வெள்ளத்தைத் திட்டமிடலின் பிரச்சினையாகப் பார்த்தார். இரண்டிலும் தலைவிதி என்ற பேச்சுக்கு இடமில்லை.

சட்டம் என்ன சொல்கிறது

2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில் 61ஆவது பிரிவைப் போராளிகளும் மாணவர்களும் மனப்பாடம் செய்ய வேண்டும். இழப்பீடும் நிவாரணமும் வழங்கும்போது பாலினம், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் ஆகியவற்றின் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்று அது சொல்கிறது. 31ஆவது பிரிவு ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு பேரிடர் திட்டம் வேண்டும், அதில் பாதிக்கப்படக்கூடிய பகுதிகள் குறிக்கப்பட வேண்டும், ஆண்டுதோறும் அது புதுப்பிக்கப்பட வேண்டும் என்கிறது. உங்கள் மாவட்டத் திட்டத்தை எடுத்துப் பாருங்கள். அதில் உங்கள் காலனியின் பெயர் இருக்கிறதா? வருவாய்க் கிராமத்தின் பெயர் இருக்கும். ஊரும் சேரியும் ஒரே பெயருக்குள் அடங்கிவிடும். ஊர் மேட்டில் பத்திரமாக இருந்தால் கிராமமே பத்திரம் என்று குறித்துவிடுவார்கள். காலனிகளைத் தனித்தனியே பெயர் சொல்லிக் குறிக்க வேண்டும் என்பதே நம் முதல் கோரிக்கை.

61ஆவது பிரிவிலும் ஒரு குறை உண்டு. அது நிவாரணத்தைப் பற்றிப் பேசுகிறது. முன்தயாரிப்பில் நடக்கும் பாகுபாட்டை அது நேரடியாகத் தொடவில்லை. பாலம் கட்டாததும், ஒலிபெருக்கி வைக்காததும், மனையைப் பள்ளத்தில் ஒதுக்குவதும் புயலுக்கு முன்பே நடந்து முடிந்த பாகுபாடுகள். அந்த இடைவெளியை அரசியல் கோரிக்கையாக நாம் எழுப்ப வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

அரசு செய்ய வேண்டியதை நாம் செய்துவிட்டு அரசை விடுவிக்கப் போவதில்லை. அரசைச் செய்ய வைப்பதற்கும், அது வரும்வரை உயிரோடு இருப்பதற்கும் சில வேலைகள் உண்டு.

முதலில் வரைபடம். பள்ளி மாணவர்களும் பெரியவர்களும் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வரைந்துவிடலாம். எந்தப் பக்கம் தண்ணீர் வரும், எந்த வீடு முதலில் மூழ்கும், எந்த வழி கடைசிவரை திறந்திருக்கும், எந்த வீட்டில் நடக்க முடியாதவர், நிறைமாதக் கர்ப்பிணி, தனியாக வாழும் முதியவர் இருக்கிறார்கள் என்று அதில் குறியுங்கள். அந்த வரைபடத்தோடு அக்டோபர் 2 கிராம சபைக்குப் போங்கள். வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னால் அமைந்த நாள் அது. சிறுபாலம், வடிகால் தூர்வாருதல், ஒலிபெருக்கி, தஞ்ச இடம் ஆகியவற்றைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். பள்ளிச் சாவி ஒன்று காலனியில் பொறுப்பான ஒருவரிடம், முடிந்தால் ஒரு பெண்ணிடம், மழைக்காலம் முழுவதும் இருக்க வேண்டும் என்பதையும் தீர்மானத்தில் சேருங்கள். மறுத்தால், மறுத்த காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மாவட்டத் திட்டத்தின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

இரண்டாவது சான்றுகள். குடும்ப அட்டை, ஆதார், சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், வங்கிப் புத்தகம் ஆகியவற்றை நெகிழிப் பையில் இறுகக் கட்டி உயரத்தில் வையுங்கள். படமெடுத்து வெளியூரில் இருக்கும் உறவினர் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். மழைக்கு முன்பே ஒவ்வொரு வீட்டையும் முன்னிருந்தும் உள்ளிருந்தும் படமெடுங்கள். சேதக் கணக்கெடுப்பு வரும்போது, இந்த வீடு இங்கே இருந்தது என்று பேச அந்தப் படம் உதவும். ஆடு, மாடு, கோழிகளின் எண்ணிக்கையும் எழுத்தில் இருக்கட்டும்.

மூன்றாவது தொடர்பு. மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1070. இவற்றைப் பொதுச் சுவரில் பெரிதாக எழுதுங்கள். கைபேசி இயங்காதபோது யார் யாருக்கு ஓடிப்போய்ச் சொல்வது என்பதையும் முடிவு செய்யுங்கள். பெட்டிமுடியை மறக்க வேண்டாம்.

நான்காவது, தூய்மைப் பணிக்கு அனுப்பப்படும் நம் உறவுகள். கையுறை, காலணி, தடுப்பூசி, தங்குமிடம், இரட்டிப்புக் கூலி ஆகியவை இல்லாமல் வண்டி ஏற மாட்டோம் என்று சங்கங்கள் மழைக்கு முன்பே பேசி முடிக்க வேண்டும். வெள்ளம் வந்த பிறகு பேசினால் மனிதாபிமானம் இல்லையா என்று நம்மையே கேட்பார்கள்.

ஐந்தாவது, எழுத்து. தானேயில் என்ன நடந்தது, கஜாவில் யார் வந்தார்கள், யார் வரவில்லை, தண்ணீர் எந்தச் சுவரில் எந்த உயரம் நின்றது என்பதையெல்லாம் நம் பாட்டிமார்களும் அம்மாக்களும் சொல்லச் சொல்ல எழுதி வையுங்கள். சிமெலுவே தீவு ஒரு சொல்லைக் காத்தது, அந்தச் சொல் தீவைக் காத்தது. நம்மிடம் ஒப்பாரி இருக்கிறது, கும்மி இருக்கிறது, கதை இருக்கிறது. அவற்றில் வெள்ளக் குறியும் ஏற வேண்டும். இந்த மன்றம் ஒவ்வோர் ஆண்டும் மழைக்காலத்துக்கு முன் அப்படி ஒரு தொகுப்பைக் கொண்டுவர வேண்டும் என்று இந்த மேடையில் முன்மொழிகிறோம்.

இறுதியாக ஒன்று. மேலே சொன்ன ஐந்தும் சேர்ந்தாலும் பள்ளம் மேடாகிவிடாது. மேட்டில் மனை, கையில் பட்டா, பஞ்சமி நில மீட்பு, உறுதியான கூரை ஆகியவைதான் உண்மையான முன்தயாரிப்பு. நிலக் கோரிக்கை வேறு, பேரிடர் கோரிக்கை வேறு என்று இனி யாரும் நமக்குப் பிரித்துச் சொல்ல இடம் கொடுக்கக் கூடாது. அடுத்த புயல் வரும் தேதி நமக்குத் தெரியாது. அக்டோபர் 2 எப்போது வரும் என்பது தெரியும். அங்கிருந்து தொடங்குவோம்.

ஜெய்பீம்.